மூன்று குவிஸ், மூன்று விடை: பாலீர்ப்பை இப்படித் தெரிந்துகொள்ள முடியுமா?

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு 27 வயது. பெண். மூன்று வருடம் ஓர் ஆணைக் காதலித்தேன். பெரிய சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்தோம். அந்தக் காதல் பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இப்போது சிக்கல் என்னவென்றால், கூட வேலை பார்க்கும் ஒரு தோழி விடுப்பு எடுக்கும் நாட்களில் எனக்கு வேலையே ஓடுவதில்லை. இது நட்பா, வேறு ஏதாவதா என்று யோசித்து யோசித்தே தூக்கம் பாதியாகிவிட்டது. பெயர்க் காரணமும் அதுதான்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு, ‘உங்கள் பாலீர்ப்பு என்ன?’ என்று கேட்கும் குவிஸ்கள் மூன்றை அடுத்தடுத்து எடுத்தேன். முதலாவது ‘68% இருபாலீர்ப்பு’ என்றது. இரண்டாவது ‘நீங்கள் எதிர்பாலீர்ப்பாளர்’ என்று திரையில் பலூன் பறக்கவிட்டது. மூன்றாவது ‘கின்சி 2’ என்று ஓர் எண்ணை மட்டும் காட்டி, விளக்கம் வேண்டுமானால் மின்னஞ்சல் முகவரி கொடு என்றது. கொடுக்கவில்லை.

ஒரே ஆள், ஒரே ராத்திரி, விடை மட்டும் மூன்று. அதிலும் ஒரு குவிஸ், முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் பிடிக்குமா என்று கேட்டது. பிடிக்கும், வெயில் காலத்தில். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ‘ஒரு பெண்ணை முத்தமிடுவதாகக் கற்பனை செய்ததுண்டா?’ என்ற கேள்விக்கு மூன்றிலுமே ‘இல்லை’ என்று அழுத்தினேன். அறையில் வேறு யாருமில்லை. யாருக்காகப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

இந்த மாதிரி குவிஸ்களால் பயன் ஏதாவது உண்டா, இல்லை வெட்டி வேலையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரேடியோ

வெட்டி வேலைதான். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் ‘இது உன்னைப் பற்றியது’ என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கும் மேலே வந்தது. கடைசியில் பார்த்தால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதில் பெரும்பகுதி ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

‘நீங்கள் வெளியே அமைதியானவர், உள்ளே தேடல் உள்ளவர்’ என்று யாரைப் பார்த்தும் சொல்லலாம். 68% எங்கிருந்து வந்தது? எதில் 68? அந்தக் குவிஸை எழுதியவருக்கே தெரியாது.

கூழாங்கல்

ரேடியோ சொல்வது விடைப் பகுதிக்குச் சரி. கேள்விப் பகுதி வேறு கதை.

முதலில் அந்த ‘கின்சி 2’. ஆல்ஃபிரட் கின்சி ஒரு விலங்கியலாளர். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு வகைக் குளவியைச் சேகரித்துக்கொண்டிருந்தவர். அவரும் பொமராய், மார்ட்டின் என்ற இருவரும் 1948-இல் வெளியிட்ட ஆய்வில்தான் இந்த 0 முதல் 6 வரையிலான அளவுகோல் வந்தது. 0 முழுக்க எதிர்பாலீர்ப்பு, 6 முழுக்க ஒருபாலீர்ப்பு. ஆனால் ‘கின்சி டெஸ்ட்’ என்று அவர்கள் எதையும் எழுதவில்லை. ஒருவரை நேரில் உட்காரவைத்து, அவர் கதையை நீளமாகக் கேட்டுவிட்டு, கேட்டவர் போட்ட எண் அது. பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் வருவதில்லை. இணையத்தில் அந்தப் பெயரில் ஓடுகிறவை எல்லாம் பின்னாளில் யார் யாரோ செய்தவை.

மூன்று விடை வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யார்மேல் ஈர்ப்பு வருகிறது, இதுவரை யாரோடு பழகியிருக்கிறோம், தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறோம்: இவை மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலூன் விட்ட குவிஸ் பெரும்பாலும் கடந்தகால உறவுகளைத்தான் கேட்டிருக்கும். மூன்று வருடம் ஓர் ஆணோடு இருந்தவருக்கு அது வேறு என்ன சொல்லும்? முடி, உடை பற்றிய கேள்விகளைத் தூக்கி எறியுங்கள். அவை ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பழைய அச்சில் வார்த்தவை. பாலீர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாதவை.

வீட்டில் செய்துபார்க்க ஒன்று சொல்கிறேன். ஃப்ரிட்ஸ் க்ளைன் என்ற மனநல மருத்துவர் 1978-இல் வெளியிட்ட கட்டம். ஏழு வரிசை: ஈர்ப்பு, பாலுறவு நடத்தை, கற்பனை, மனம் யாரிடம் ஒட்டுகிறது, யாரோடு பொழுதுபோக்கப் பிடிக்கிறது, எந்த வட்டத்துக்குள் வாழ்க்கை ஓடுகிறது, தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர். மூன்று பத்தி: ஒரு வருடத்துக்கு முன்புவரை, கடைசி 12 மாதம், இப்படி இருந்தால் பிடிக்கும் என்று தோன்றுவது. ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 7 வரை ஓர் எண்: 1 எதிர்பாலினர் மட்டும், 4 இருவரும் ஒரே அளவு, 7 தன் பாலினர் மட்டும். 21 எண்கள். எல்லாவற்றையும் கூட்டி ‘நீ இன்னார்’ என்று சொல்லாதீர்கள். எந்த எண் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் போடுங்கள், திரையில் வேண்டாம்.

நேர்கோடு

எனக்கு இதில் உடன்பாடில்லை. தோழியைக் காணாவிட்டால் மனம் வாடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். இப்படி 21 கட்டம் போட்டுத் தோண்டினால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தலைவலியைப் பற்றித் தேடினால் மூளைக்கட்டி என்று வருவதுபோலத்தான். இந்தக் குவிஸ்களே ஆட்களைக் குழப்பிவிடுகின்றன.

பழைய_ரேடியோ

நேர்கோடு, குவிஸைத் திட்டுவதில் நானும் உங்கள் கட்சிதான், ஆனால் இந்த வாதம் நிற்காது. ஒருவரின் பாலீர்ப்பைக் கண்டுபிடிக்கவே துப்பில்லாத குவிஸ், அதை உண்டாக்கிவிடும் என்கிறீர்களா? அவர் தோழியைப் பற்றி யோசித்துத் தூக்கம் கெட்ட பிறகுதான் குவிஸுக்கே போனார். வரிசையைக் கவனியுங்கள்.

கூழாங்கல்

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி உதாரணம் வேண்டாமே, இது நோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று நடத்தப்படும் ‘சிகிச்சை’களை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அவை பலிக்க வாய்ப்பில்லை, தீங்குக்கு வாய்ப்புண்டு என்று 2009-இல் சொன்னது. இத்தனை அழுத்தம் கொடுத்தே மாறாதது பத்துக் கேள்வியில் மாறாது.

மூன்றாம்படி

குவிஸ் எப்படி ஏமாற்றும் என்பதற்கு என் கதை. எல்லாக் குவிஸும் என்னை இருபாலீர்ப்பாளர் என்றுதான் சொல்லின. ‘ஆண்கள்மேல் அதிக ஈர்ப்பா, பெண்கள்மேல் அதிக ஈர்ப்பா?’ என்று கேட்கும். நான் நேர்மையாக ‘இருவர்மேலும் ஒரே அளவு’ என்று போடுவேன். அந்த ஒரே அளவு பூஜ்யம் என்பதைச் சொல்ல இடமே கிடையாது!

இரண்டு வருடம் நான் இருபாலீர்ப்பாளர் என்று நம்பிக்கொண்டு, ஏன் யார்மேலும் எதுவும் வரவில்லை என்று குழம்பிக் கிடந்தேன். ஏசெக்சுவல், அதாவது பாலீர்ப்பு ஏற்படாதவர் என்று ஒரு வகை உண்டு என்பதே பிறகுதான் தெரியும். 2001-இல் தொடங்கிய ஏவென் என்ற இணையக் குழுவின் பக்கங்களைப் படித்தபோது, யாரோ என் டைரியைத் திருடிப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. காதல் வேண்டும், அந்தப் பசி மட்டும் இல்லை என்றவர்களும் அங்கே இருந்தார்கள்.

கூழாங்கல்

மூன்றாம்படி, உங்கள் பூஜ்யம் அளவுகோலின் கோளாறு. 0–6 கோடு ஒரு சீசா மாதிரி: ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கியே ஆகவேண்டும். கின்சி குழுவும் இதில் முட்டிக்கொண்டுதான் கோட்டுக்கு வெளியே ‘எக்ஸ்’ என்று தனியாக ஒரு குறி வைத்தார்கள், பாலியல் தொடர்போ உணர்வோ இல்லாதவர்களுக்கு. 1980-இல் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் ஒரே கோட்டை இரண்டாகப் பிரித்தார்: ஆண்மேல் எவ்வளவு, பெண்மேல் எவ்வளவு என்று தனித்தனியாக. அப்போதுதான் இரண்டிலும் அதிகம், இரண்டிலும் இல்லை என்பவை வேறு வேறு மூலைகளுக்குப் போயின. அதனால் ஒரு குவிஸைத் திறந்ததும் நான் பார்ப்பது, ‘யாருமில்லை’, ‘தெரியவில்லை’ என்ற விடைகள் இருக்கின்றனவா என்பதைத்தான். இல்லையென்றால் அங்கேயே மூடிவிடுவேன்.

(க்ளைன் கட்டத்துக்கும் அதே குறை உண்டு, 1-லிருந்து 7-க்குப் போகும் கோடுதானே. ஆண், பெண் என்ற இரண்டைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமும் இல்லை. பரிந்துரைத்தவன் நானே ஒப்புக்கொள்கிறேன்.)

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. கட்டத்தைப் போட்டேன். அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன், இரண்டு மாலை போய்விட்டது.

‘நடத்தை’ வரிசை சுலபம்: 1, 1. ‘மனம் யாரிடம் ஒட்டுகிறது’ என்பதில் கடந்த காலத்துக்கு 3 போட்டேன். அப்புறம் கல்லூரி விடுதியில் அறைத்தோழி படிப்பை முடித்துப் போன அன்று நான் அழுத அழுகை ஞாபகம் வந்து, அடித்துவிட்டு 5 போட்டேன். அது அப்போது எனக்கு வெறும் பிரிவு. இப்போது பழையதை வேண்டுமென்றே வேறு மாதிரி படிக்கிறேனா என்ற சந்தேகமும் வருகிறது.

கற்பனை வரிசையில் இந்த முறை உண்மை எழுதினேன். எண் என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை :)

‘இப்படி இருந்தால் பிடிக்கும்’ பத்தி இன்னும் காலி. தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தால் கை நகரமாட்டேன் என்கிறது. 4 என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் நாளைக்கே எல்லோரிடமும் போய்ச் சொல்லவேண்டும் என்று ஒரு பயம், ஏனோ.

பழைய_ரேடியோ

பென்சிலில் எழுதுங்கள்.

கூழாங்கல்

பழையதை வேறு மாதிரி படிக்கிறோமோ என்ற சந்தேகம் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் 3, 5 இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள். லிசா டயமண்ட் என்ற உளவியலாளர், எதிர்பாலீர்ப்பாளர் அல்லாத பெண்கள் சிலரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டி எடுத்தார். அந்தப் பத்து ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்கு வைத்திருந்த பெயரை ஒருமுறையாவது மாற்றினார்கள். உங்களுக்கும் மாறும் என்று நான் சொல்லவில்லை. எழுதினால் கல்வெட்டாகிவிடும் என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெண்பூனை

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். அரைத்தூக்கத்துக்கு இது பொருந்தாமல் போகலாம், படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும்.

நான் ஒரே குவிஸை ஒரே நாளில் 30 முறை எடுத்த ஆள். ஆண்; பெண்கள்மேல்தான் ஈர்ப்பு, அதில் எனக்கு எப்போதும் குழப்பம் இருந்ததில்லை. ஒருநாள் திடீரென்று ‘ஒருவேளை அப்படி இல்லாவிட்டால்?’ என்று ஓர் எண்ணம் வந்தது. குவிஸ் எடுத்தேன், ‘எதிர்பாலீர்ப்பு’ என்றது, அப்பாடா என்றிருந்தது. பத்து நிமிடம். அப்புறம் ‘அந்த நான்காவது கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னேனா?’ என்று திரும்ப. தெருவில் போகும் ஆண்களைப் பார்த்து, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று சோதிப்பது. பழைய நினைவுகளைக் கிளறிச் சரிபார்ப்பது. சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை.

ஒரு மனநல மருத்துவர்தான் சொன்னார், இது ஓ.சி.டி., எண்ணச் சுழற்சி நோய். பாலீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்குக் கதவைப் பூட்டினோமா என்று வரும், எனக்கு இது. கை கழுவுகிறவருக்குத் தண்ணீர் எப்படியோ, எனக்குக் குவிஸ் அப்படி. ஈ.ஆர்.பி. என்ற சிகிச்சை: பயத்தைக் கிளப்பும் எண்ணம் வரட்டும், நீ சரிபார்க்காமல் உட்கார் என்று பழக்குவார்கள். சொல்ல எளிது, முதல் வாரம் நரகம். அதில் அவர் எனக்கு ‘நீ எதிர்பாலீர்ப்பாளன்தான்’ என்று ஒருமுறைகூட உறுதி சொல்லவில்லை. அப்போது கோபம் வந்தது. சொல்லியிருந்தால் அவரும் இன்னொரு குவிஸ் ஆகியிருப்பார் என்று பிறகு புரிந்தது.

என் தேடலுக்கும் அரைத்தூக்கத்தின் தேடலுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அவர் எழுதியதில் பயம் இருக்கிறது, கூடவே ஓர் ஆவலும் இருக்கிறது. ஒரு ஆள் இருக்கிறார். என்னுடையதில் ஆள் யாருமே இல்லை, ‘நிச்சயமா, நிச்சயமா?’ என்ற கேள்வி மட்டும்தான். ஆனால் இதை வைத்து யாரும் தனக்குத்தானே நோய் முடிவு செய்துகொள்ள வேண்டாம். பயத்தோடு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஓ.சி.டி. இல்லை. எண்ணி எண்ணி நாளே போகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள், குவிஸிடம் போகாதீர்கள்.

அரைத்தூக்கம்

வெண்பூனை, இதை எழுதியதற்கு நன்றி. நான் இன்னும் இரண்டு குவிஸ் எடுக்க நினைத்திருந்தேன், இனி இல்லை.

நிழல்_காவல்

வலைத்தளம் கட்டுவது என் தொழில். மின்னஞ்சல் கேட்ட அந்த மூன்றாவது குவிஸ்தான் எனக்கு உறுத்தல். கொடுக்காதது நல்லது.

பல குவிஸ்கள் விடையைப் பக்கத்தின் முகவரியிலேயே எழுதிவிடும். முகவரிப் பட்டையைப் பாருங்கள், கடைசியில் உங்கள் விடை இருக்கும். அந்தப் பக்கத்தில் விளம்பரக் கம்பெனிகளின் கண்காணிப்புத் துணுக்குகள் இருந்தால், முகவரி அவற்றுக்கும் போகும். ‘நண்பர்களுடன் பகிர்’ பொத்தானை நீங்கள் தொடாவிட்டாலும் அந்தப் பொத்தானின் சொந்தக்காரர் நீங்கள் வந்ததைப் பார்க்க முடியும். மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் உங்கள் கருவியில் வரலாறு தங்காது. அலுவலக வைஃபையில் இருந்தால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அங்கே தெரியத்தான் செய்யும். வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்திருந்தால், நீங்கள் தேடியது இன்னொருவர் திரையில் பரிந்துரையாக எட்டிப் பார்க்கும். இப்படி வீட்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தயாராக இல்லாத நாளில் எல்லாம் வெளியே வந்தது.

2013-இல் வந்த ஓர் ஆய்வில், ஃபேஸ்புக்கில் ஒருவர் போட்ட லைக்குகளை மட்டும் வைத்தே, ஒருபாலீர்ப்புள்ள ஆணையும் எதிர்பாலீர்ப்புள்ள ஆணையும் 88% துல்லியத்தோடு பிரித்துக் காட்டினார்கள். லைக்குக்கே அப்படி என்றால், நேரடியாகக் கேட்டு வாங்கும் விடையை யோசித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாலீர்ப்புத் தகவலைத் தனி வகையாக, கூடுதல் பாதுகாப்போடு வைத்திருப்பது சும்மா இல்லை. எல்லா இடத்திலும் அப்படிச் சட்டம் கிடையாது.

நேர்கோடு

இதில் மட்டும் முழு உடன்பாடு.

தாமத_ரயில்

எனக்கு 52. மேலே எல்லோரும் குவிஸைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டீர்கள். அதற்காக ஒரு வார்த்தை பேசலாமா?

என் இளமையில் இதற்குச் சொல்லே கிடையாது. இருந்தவை வசைச்சொற்கள். 49 வயதில், மணமுறிவுக்குப் பிறகு, ஒரு குவிஸைத் திறந்தேன். மட்டமான குவிஸ், பின்னணியில் வானவில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏழாவது கேள்வி: ‘ஓர் ஆணோடு சேர்ந்து முதுமையைக் கழிப்பதாக யோசித்ததுண்டா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். பாலுறவைப் பற்றிக் கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று அழுத்தியிருப்பேன், முப்பது வருடப் பயிற்சி. முதுமையைக் கேட்டதும் என்னிடம் பொய் தயாராக இல்லை. ‘ஆம்’ அழுத்தினேன். அதுவரை யாரிடமும் நான் சொல்லாத ‘ஆம்’ அது. கேட்டது ஒரு இயந்திரம் என்பதால்தான் சொல்ல முடிந்தது.

விடை என்ன வந்தது என்று ஞாபகமே இல்லை. எட்டாவது கேள்விக்கு நான் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய_ரேடியோ

ஐயா, என் முதல் பதிவின் முதல் வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற வரிகள் இருக்கட்டும்.

அரைத்தூக்கம்

முதல் நாள் மூன்று முறை ‘இல்லை’ அழுத்தியதைப் பற்றித்தான் நானும் இரண்டு வாரமாக யோசிக்கிறேன். இயந்திரத்திடம்கூடப் பொய் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

ஒரு கேள்வி. தோழியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? குவிஸ் எடுத்தேன், இப்படி வந்தது என்று வேடிக்கையாக ஆரம்பிக்கலாமா?

மூன்றாம்படி

வேண்டாம், வேண்டாம். நான் ஒருமுறை விடையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குத் தன் விடையை அனுப்பினார். அப்புறம் இருவரும் சிரிக்கும் பொம்மைகள் அனுப்பிக்கொண்டு முடித்துவிட்டோம். சொல்லவந்தது உள்ளேயே நின்றுவிட்டது.

தாமத_ரயில்

அவரிடம் சொல்வதற்கு முன் வேறு ஒருவரிடம் சொல்லுங்களேன் அம்மா. பதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாத ஒருவரிடம். கூட வேலை பார்ப்பவரிடம் முதல் தடவையாகச் சொல்வது என்றால், உங்களைப் பற்றிச் சொல்வதும் அவரைப் பற்றிக் கேட்பதும் ஒரே மூச்சில் வந்துவிடும், இரண்டும் குழம்பும். அவசரமும் இல்லை. பாதுகாப்பான ஆளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம் (மூன்று வாரம் கழித்து)

என் அக்காவிடம் சொன்னேன். 40 நிமிடம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் ‘எனக்குப் பெண்களையும் பிடிக்கும் போல’ என்றேன். அவள் ‘போல’ எதற்கு என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோழியிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்வேனா என்றும் தெரியவில்லை. அவள் விடுப்பு எடுத்தால் இன்னும் வேலை ஓடுவதில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் பரவாயில்லை.

கட்டத்தில் அந்தக் கடைசிப் பெட்டியில் 4 எழுதிவிட்டேன். பென்சிலில்தான்.

நிழல்_காவல்

மகிழ்ச்சி. அந்தக் காகிதத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதில் பெயர் எழுதவில்லையே?

அரைத்தூக்கம்

எழுதவில்லை. கையெழுத்து என்னுடையதாயிற்றே, அதற்கு என்ன செய்வது?